வங்கிக் கொள்ளைக் கதை எழுதுகிறேன்: எந்த நிமிடத்தில் சொதப்ப வைப்பது?

இரவுக்காட்சி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பல நாள் ஆசை, ஒரு ரத்தக்களரி த்ரில்லர் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வங்கிக் கொள்ளை, அது சொதப்புவது, அப்புறம் தெருவில் நடக்கும் சண்டை. சொந்தமாகத் திட்டம் போட்டுப் பார்த்தேன், எதை யோசித்தாலும் எங்கேயோ பார்த்த படம் மாதிரியே வந்து நிற்கிறது. அதனால் நிஜமாக நடந்த ஒன்றையே அடித்தளமாக எடுத்துக்கொண்டேன்: 1997 பிப்ரவரி 28, லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த் ஹாலிவுட் பகுதி, லாரல் கேன்யன் சாலையில் இருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளை.

தெரியாதவர்களுக்கு நாலு வரி. லாரி பிலிப்ஸ், எமில் மத்தாசரானு என்று இரண்டு பேர். காலை 9:17க்கு உள்ளே போகிறார்கள். உடம்பில் குண்டு துளைக்காத கவசம், கையில் முழுத் தானியங்கியாக மாற்றிய துப்பாக்கிகள், காரின் டிக்கியில் இன்னும் சில. பதற்றம் வராமலிருக்க முன்பே பினோபார்பிட்டால் மாத்திரை. போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேட்டு, போலீஸ் வந்து சேர 8 நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1996 மே மாதம் இதே வங்கியின் வேறு இரண்டு கிளைகளில் சுமார் 15 லட்சம் டாலர் அள்ளிய ஆட்கள், புதுசு இல்லை.

அன்றைக்கு நடந்தது 44 நிமிடத் துப்பாக்கிச் சண்டை. அவர்கள் சுட்டது ஏறத்தாழ 1,100 தோட்டா, போலீஸ் சுட்டது ஏறத்தாழ 650. போலீசும் பொதுமக்களுமாகக் காயம் பட்டவர்கள் சுமார் 20 பேர். செத்தது அந்த இரண்டு பேர் மட்டும்.

முதல் அத்தியாயத்தைத் துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பித்திருக்கிறேன். என் குழப்பம் இதுதான்: இந்தக் கொள்ளை எந்த நிமிடத்தில் கெட்டது? அதைச் சரியாகப் பிடித்தால்தான் கதையின் முதுகெலும்பு கிடைக்கும். சொல்லுங்கள். கிழித்தாலும் சரி.

பல்லாவரம்பையன்

இதில் என்ன குழப்பம் தலைவா? அந்தப் பக்கமாக ரோந்து போன போலீஸ் வண்டி. முகமூடி போட்டுக்கொண்டு இவர்கள் வங்கிக்குள் நுழைவதை அந்த வண்டியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டார்கள். 8 நிமிடக் கணக்கு முதல் நொடியிலேயே காலி. ஆனால் கதையில் இதை வைத்தால் “தற்செயலாக வந்ததாம், நல்லா இருக்கே” என்று வாசகர்கள் கலாய்ப்பார்கள். நிஜத்துக்கு இருக்கிற சலுகை கதைக்குக் கிடையாது.

நூலகப்பூனை

ரோந்து வண்டி வெளியே நடந்தது. எனக்கு உள்ளே நடந்ததுதான் சுவாரசியம்.

அவர்கள் எதிர்பார்த்து வந்தது சுமார் 7,50,000 டாலர். வங்கி பணம் கொண்டுவரும் நாள் முறையை மாற்றியிருந்தது, அது இவர்களுக்குத் தெரியாது. பெட்டகத்தில் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. மத்தாசரானு மேனேஜரோடு வாக்குவாதம் செய்கிறார். மேனேஜரோடு! துப்பாக்கி முனையில் நிற்கும் மனிதரிடம் “மீதி எங்கே” என்று கேட்டால் அவர் எங்கே போவார்? கடுப்பில் 75 தோட்டா கொண்ட ஒரு முழு டிரம்மைப் பெட்டகத்துக்குள் காலி செய்கிறார். அங்கே மிச்சமிருந்த நோட்டுகளும் கந்தல். ஏடிஎம் பணத்தை எடுக்கப் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. நடைமுறை மாறியதால் அதைத் திறக்கும் வசதி மேனேஜரிடமே இல்லை.

கடைசியில் பையில் போட்டது 3,03,305 டாலர். கூடவே, நோட்டுக் கட்டுக்குள் ஒளித்து வைக்கும் சாயப் பொதி மூன்று. அவை வெடித்து அந்தப் பணமும் வீண்.

கொள்ளையடிக்க வந்த பணத்தையே சுட்டுப் பொசுக்கியவர்கள் இவர்கள். தம்பி, உங்கள் நாவலின் முதல் அத்தியாயம் தெருவில் இல்லை, அந்தப் பெட்டகத்தின் முன்னால் இருக்கிறது. முதுகெலும்பு வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

இரவுக்காட்சி

அக்கா, இந்த மேனேஜர் வாக்குவாதத்தை நான் ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். உறைக்கிறது.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். பணம் குறைவு, போலீஸ் வந்தாயிற்று. சரி. அப்போதுகூடக் காரில் ஏறி ஓடப் பார்த்திருக்கலாமே? பிலிப்ஸ் வெளியே வந்து நின்று, வரிசையாகச் சுட ஆரம்பிக்கிறார். தப்பிக்கும் வெறியைவிடச் சண்டை போடும் வெறிதான் தெரிகிறது. இதை எப்படிக் கதாபாத்திரமாக ஆக்குவது?

நூலகப்பூனை

அதற்கு 1993க்குப் போக வேண்டும். அந்த வருடம் அக்டோபரில் கிளெண்டேல் போலீஸ் இதே இரண்டு பேரை வேகமாக ஓட்டியதற்காக நிறுத்துகிறது. காரைச் சோதித்தால் துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டா, ரேடியோ ஸ்கேனர், புகைக்குண்டு, கவச அங்கி, மாறுவேடச் சாமான், மூன்று நம்பர் பிளேட். ஒரு வங்கிக் கொள்ளைக்கு வேண்டிய மளிகை லிஸ்ட் மொத்தமும் டிக்கியில். கிடைத்த தண்டனை? சுமார் நூறு நாள் சிறை, மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதைவிட வேடிக்கை, கைப்பற்றிய பொருட்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு அடுத்து 1995இல் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியின் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைச் செய்துவிட்டும் மாட்டவில்லை. அதற்குப் பிறகுதான் 1996இன் இரண்டு வங்கிகள். மூன்று நாலு வருடம் எதுவுமே தங்களைத் தொடவில்லை என்று பழகியவன் வாசலில் போலீஸைப் பார்த்ததும் ஓடுவானா? கவசத்தின் மேல் நம்பிக்கை. அவ்வளவுதான். அதிகமாக மனோதத்துவம் தேட வேண்டாம்.

டமால்டுமீல்

அக்கா கணக்குப் பாடம் எடுக்கிறார், வாத்தியார் நோட்ஸ் எழுதுகிறார். அண்ணே, த்ரில்லர் என்று சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்? சண்டைக்கு வாங்க. போலீஸ் கையில் இருந்த 9 எம்எம் பிஸ்டலும் .38 ரிவால்வரும் அந்தக் கவசத்தில் பட்டு வேலைக்கே ஆகவில்லை. அவர்களது தோட்டாவோ போலீஸ் காரின் கதவைத் தாண்டிப் போகிறது. பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போலீஸே ஓடிப்போய் ரைபிள் வாங்கி வருகிறார்கள்! இந்த ஒரு காட்சி போதும், தியேட்டர் கிழியும்.

பள்ளத்தாக்குவாசி

பல மாதமாகச் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவன், இந்த இழை என்னை எழுத வைத்துவிட்டது. நான் இருப்பது சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில். லாரல் கேன்யன் சாலை நான் வாரம் மூன்று தடவையாவது போகும் வழி.

இரவுக்காட்சி, நீங்கள் ஹாலிவுட் என்ற பெயரைக் கேட்டுக் கண்ணாடி மாளிகை எதையாவது எழுதி வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். இது சாதாரண இடம். அகலமான நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் தாழ்ந்த கடை வரிசைகள், அவற்றின் முன்னால் பார்க்கிங். பின்னால் ஒரு தெரு தள்ளினால் ஒற்றை மாடி வீடுகள், புல்தரை, குழந்தைகளின் சைக்கிள். பிலிப்ஸ் செத்தது அப்படிப்பட்ட ஆர்ச்வுட் என்ற பக்கத் தெருவில்.

டமால்டுமீல், நீங்கள் சொல்லும் துப்பாக்கிக் கடை விஷயம் உண்மை. ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். எதிர் பார்க்கிங்கில் சாவி வெட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கடை இருந்தது. போலீஸ்காரர்கள் சிலர் அதன் பின்னால்தான் பதுங்கினார்கள். தோட்டா இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. அடிபட்டவர்கள் அங்கிருந்து ஒரு பல் மருத்துவமனைக்குள் ஓடுகிறார்கள். பல் டாக்டர் கையில் கிடைத்ததை வைத்துக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார். எனக்கு இந்த முழுக் கதையில் பிடித்த ஆள் அந்தப் பல் டாக்டர்தான். காலையில் யாருக்கோ பல் பிடுங்க வந்தவர்.

இன்னொன்று. சிறப்புப் படை, அதாவது ஸ்வாட், வந்து சேர ஏறத்தாழ 18 நிமிடம். அவர்களில் சிலர் உடற்பயிற்சியிலிருந்து அப்படியே வந்ததால் கவச அங்கிக்குக் கீழே அரைக்கால் சட்டையும் ஓடுகிற ஷூவும். புகைப்படம் இருக்கிறது. சினிமாவில் இப்படி ஒரு கெட்டப்பை எந்த இயக்குநரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

டமால்டுமீல்

அரைக்கால் சட்டை ஸ்வாட்! சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். இது என் கற்பனையை விட நல்லா இருக்கு.

ரைன்கரை

நான் இருப்பது கொலோனில். வங்கிக் கொள்ளை சொதப்பிய கதை என்று இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், ஐம்பதைத் தாண்டியவர் என்றால், ஒரே பெயர்தான் சொல்வார்: கிளாட்பெக். மன்னிக்கவும், நீளமாக எழுதப் போகிறேன்.

1988 ஆகஸ்ட் 16, மேற்கு ஜெர்மனி. கிளாட்பெக் என்ற சின்ன ஊரில் டாய்ச்ச பாங்கின் ஒரு கிளை. காலை, வங்கி திறப்பதற்கு முன்னாலேயே ரோஸ்னர், டெகோவ்ஸ்கி என்று இரண்டு பேர் உள்ளே நுழைகிறார்கள். யாரோ பார்த்துப் போலீசுக்குச் சொல்ல, போலீஸ் வந்து வண்டியை நிறுத்துகிறது. எங்கே? உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படுகிற இடத்தில். கிளம்பப் போனவர்கள் அதைப் பார்த்துத் திரும்ப உள்ளே போய், ஊழியர் இருவரைப் பணயமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பல்லாவரம்பையன் சொன்ன ரோந்து வண்டியோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ் கொள்ளையர்களைப் பார்த்தது. கிளாட்பெக்கில் கொள்ளையர்கள் போலீஸைப் பார்த்தார்கள். இந்தக் கொஞ்ச வித்தியாசம் 44 நிமிடத்துக்குப் பதில் 54 மணி நேரமாக இழுத்தது.

அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை. பத்திரிகைக்காரர்கள் வங்கிக்கே போன் போட்டுக் கொள்ளையர்களிடம் பேட்டி எடுக்கிறார்கள். இரவில் மீட்புப் பணமும் காரும் கொடுத்து அனுப்புகிறார்கள். வழியில் ரோஸ்னரின் காதலியும் சேர்ந்துகொள்கிறார். அடுத்த நாள் பிரேமன் நகரத்தில் ஒரு டவுன் பஸ்ஸைக் கைப்பற்றுகிறார்கள், உள்ளே முப்பது பேருக்கு மேல். கேமராக்கள் சுற்றி நிற்கின்றன. ரோஸ்னர் துப்பாக்கி முனையைத் தன் வாயில் வைத்துக் காட்டி, உயிர் எனக்குப் பொருட்டே இல்லை என்கிற மாதிரி பேட்டி கொடுக்கிறார். எதிரே மைக். அது ஒளிபரப்பாகிறது.

நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் கழிப்பறைக்குப் போன காதலியைப் போலீஸ் பிடித்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் சுடுவோம் என்கிறார்கள். போலீஸ் விடுவிக்க ஒத்துக்கொண்டும் அவர் பஸ்ஸுக்கு வந்து சேர்வது தாமதமாகிறது. டெகோவ்ஸ்கி 15 வயதுப் பையன் ஒருவனைத் தலையில் சுடுகிறார். பையன் தன் தங்கைக்குக் காவலாக இருந்தவன். அந்த இடத்தில் ஒரு ஆம்புலன்ஸ்கூட நிறுத்தி வைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊர். கொலோன் நடுவில், கார் போகாத கடைத்தெருவில், கொள்ளையர்களின் கார் நிற்கிறது. பின் இருக்கையில், பஸ்ஸிலிருந்து பிடித்து வந்த 18 வயதுப் பெண்கள் இருவர், ஒருத்தியின் கழுத்தில் துப்பாக்கி. சுற்றிலும் கூட்டம், காபி வாங்கித் தருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அந்தப் பெண்ணிடமே “எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் காரிலேயே ஏறி உட்கார்ந்து நெடுஞ்சாலைக்கு வழி காட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலையில் போலீஸ் சிறப்புப் படை காரை மோதி நிறுத்துகிறது. அந்தத் துப்பாக்கிச் சண்டையில் ரோஸ்னரின் துப்பாக்கியிலிருந்து வந்த தோட்டாவில் அந்தப் பெண் செத்துப்போனாள். இன்னொருத்தி வெளியே குதித்துக் காயத்தோடு பிழைத்தாள். இந்த மூன்று நாட்களில் பின்தொடர்ந்த போலீஸ்காரர் ஒருவரும் சாலை விபத்தில் இறந்தார்.

என் வீட்டுக்காரம்மா வேலை செய்யும் இடத்தில் வயதான சக ஊழியர் ஒருவர் அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர். ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னாராம். “நான் எட்டிப் பார்த்தேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இரவுக்காட்சி, 1,100 தோட்டா சுட்ட கதையைவிட இது எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே சுட்டது கொஞ்சம். பார்த்தது ஊரே.

இரவுக்காட்சி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

பல்லாவரம்பையன்

ரைன்கரை சார், அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு ஏதாவது நடந்ததா?

ரைன்கரை

தண்டனை என்று எதுவும் இல்லை. ஜெர்மன் பத்திரிகை மன்றம் விதியைக் கடுமையாக்கியது: குற்றம் நடந்துகொண்டிருக்கும்போது குற்றவாளியைப் பேட்டி எடுக்கக் கூடாது, பத்திரிகையாளர் தானாக மத்தியஸ்தம் பண்ணப் போகக் கூடாது. பிரேமனில் உள்துறைப் பொறுப்பில் இருந்த அமைச்சர் பதவி விலகினார். காரில் ஏறிய அந்த ஆசிரியர் பின்னாளில் நாட்டிலேயே அதிகம் விற்கும் நாளிதழுக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். கொள்ளையர் இருவருக்கும் 1991இல் ஆயுள் தண்டனை. டெகோவ்ஸ்கி 2018இல் வேறு பெயரோடு வெளியே வந்துவிட்டார்.

சில வருடம் முன்பு இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. முழுக்க முழுக்க அன்றைய செய்திக் காட்சிகளை மட்டும் ஒட்டி எடுத்தது, புதிதாக ஒரு பேட்டிகூடக் கிடையாது. தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் அப்போதே எடுத்து வைத்திருந்தார்கள் அல்லவா.

பல்லாவரம்பையன்

நம்ம ஊரில் 2012 ஞாபகம் இருக்கா? ஜனவரியில் பெருங்குடி, பிப்ரவரியில் கீழ்க்கட்டளை, பட்டப்பகலில் இரண்டு வங்கிகள். அப்புறம் பிப்ரவரி 23 விடியற்காலை வேளச்சேரியில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போகிற தூரம். அன்று காலை பால் வாங்கப் போனவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அது என்கவுன்டரா வேறு எதுவுமா என்று...

மட்டுறுத்துநர்

பல்லாவரம்பையன், அதற்குப் பழைய இழை ஒன்று இருக்கிறது, அங்கே ஏற்கெனவே 200 பதிவு சண்டை நடந்து பூட்டப்பட்டது. இங்கே வேண்டாம், கதையைப் பேசுங்கள்.

பல்லாவரம்பையன்

சரி சார்.

டமால்டுமீல்

ரைன்கரை சொன்ன ஆம்புலன்ஸ் விஷயம் மண்டைக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, தேடிப் படித்தேன். நார்த் ஹாலிவுட்டிலும் அதே கதை. பிலிப்ஸ், துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் பிஸ்டலை எடுத்து, கையில் அடிபட்டு, கடைசியில் தாடைக்குக் கீழே தானே சுட்டுக்கொண்டார். மத்தாசரானு காரில் தப்பப் பார்த்து, டயர் போய், வழியில் வந்த ஒரு ஜீப்பைப் பிடுங்கினார். ஜீப்காரர் ஓடுவதற்கு முன் வண்டி கிளம்பாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறார், கில்லாடி. மூட்டை முடிச்சையெல்லாம் ஜீப்புக்கு மாற்றிய பிறகுதான் இவருக்கு அது தெரிகிறது. அப்போது ஸ்வாட் வந்து, காருக்கு அடியில் தெரிந்த கால்களைச் சுட்டார்கள். அங்கே கவசம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் கைவிலங்கோடு சாலையில் கிடக்கிறார், உடம்பில் 29 காயம். இன்னும் ஆள் ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அந்த இடத்தை ஆபத்தான பகுதியாகவே வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தே வந்தது. அதற்குள் ரத்தம் வடிந்தே செத்துவிட்டார். குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள், ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் அது கலைந்து போனது.

ஹீரோயிசம் பேச வந்தவன் நான். இதைப் படித்த பிறகு அந்த ஆளுக்காகப் பரிதாபப்படவும் மனசு வரவில்லை, சரிதான் சாகட்டும் என்று சொல்லவும் வரவில்லை. காவலர் ஒருவரைக் கொன்றவன். ஆனாலும்.

நூலகப்பூனை

அந்த “ஆனாலும்” இருக்கிறதே, அதை எழுதுங்கள் யாராவது.

பள்ளத்தாக்குவாசி

இங்கே உள்ளவர்களிடம் பேசினால் இரண்டு கட்சியும் உண்டு. அன்று நடந்தது முழுக்க ஹெலிகாப்டரிலிருந்து டிவியில் நேரலையாக ஓடியது. அடுத்து வந்தது என்ன தெரியுமா? ராணுவத்தின் உபரி எம்16 ரைபிள்கள் 600 லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசுக்குப் போயின. ரோந்து வண்டியில் ரைபிள் என்பது மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. அந்த 44 நிமிடத்தின் நிழல் இன்றைக்கும் இங்கே ஒவ்வொரு போலீஸ் காரிலும் இருக்கிறது. ஆனால் அது வேறு நாவல்.

ஓய்வுபெற்றகேஷியர்

நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். பாதி நாள் கேஷ் கவுண்டர். எல்லோரும் போலீஸ் பக்கமும் திருடன் பக்கமும் நின்று பேசுகிறீர்கள். கவுண்டருக்கு உள்பக்கம் ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு விஷயம். தம்பி, உங்கள் கதையில் மேனேஜரைக் கழுத்தில் பிடித்து “பெட்டகத்தைத் திற” என்று மிரட்டும் காட்சி இருக்கிறதா? எல்லோரும் எழுதுவது. நம் ஊர் வங்கிகளில் ஸ்ட்ராங் ரூம் ஒருவர் சாவியில் திறக்காது. ஜாயின்ட் கஸ்டடி. ஆபீசர் ஒருவரிடம் ஒன்று, ஹெட் கேஷியரிடம் ஒன்று. ஒருவர் லீவு என்றால் சாவியைக் கைமாற்றுவதற்கே ரிஜிஸ்டரில் கையெழுத்து. கிளையில் இவ்வளவுதான் கேஷ் வைக்கலாம் என்று வரம்பு உண்டு, மிஞ்சினால் கரன்சி செஸ்டுக்கு, அதாவது பெரிய பணக் கிடங்குக்கு, அனுப்பிவிட வேண்டும். ஆகவே நூலகப்பூனை அம்மா சொன்ன சம்பவம் எனக்கு ஆச்சரியமே இல்லை. கேஷ் எப்போது வரும், எப்போது போகும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், மாற வேண்டும். அந்த மேனேஜர் பொய் சொல்லவில்லை. அவரால் முடியாது என்பதுதான் உண்மை. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது புரியாது. உண்மையைச் சொல்லியும் நம்பாதவன் எதிரே நிற்பதைவிடக் கஷ்டம் வேறு இல்லை.

இரண்டாவது. நீங்கள் யாரும் சொல்லாமல் விட்டது. அன்று அந்தக் கிளையில் இருந்த சுமார் முப்பது பேர், ஊழியர்களும் வாடிக்கையாளர்களும், எங்கே இருந்தார்கள்? அவர்களைப் பெட்டக அறைக்குள் தள்ளி அடைத்துவிட்டுத்தான் இவர்கள் வெளியே போனார்கள். ஆக அந்த 44 நிமிடச் சண்டையை உலகமே டிவியில் பார்த்தபோது, அதற்கு மிக அருகில் இருந்த முப்பது பேர் எதையும் பார்க்கவில்லை. கேட்டார்கள். அவ்வளவுதான்.

யார் ஜெயிக்கிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் நின்றால் அது நல்ல செய்தியா, அடுத்து கதவு திறக்கப் போகிறது என்று அர்த்தமா? திறப்பது யார்?

இரவுக்காட்சி

சார்.

எழுதி வைத்த முதல் அத்தியாயத்தை அழித்துவிட்டேன். 3,000 வார்த்தை. வருத்தமே இல்லை. நாவல் அந்த அறைக்குள்தான் நடக்கப் போகிறது. வெளியே நடப்பது எதுவும் வாசகனுக்குத் தெரியக் கூடாது, சத்தத்தைத் தவிர.

டமால்டுமீல்

அண்ணே, துப்பாக்கிக் கடைக் காட்சி?

இரவுக்காட்சி

போச்சு.

டமால்டுமீல்

அரைக்கால் சட்டை?

இரவுக்காட்சி

அது மட்டும் இருக்கும். கதவு திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நூலகப்பூனை

இப்போது கதை வந்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை. முப்பது பேருக்கும் ஆளுக்கொரு சோகக் கதை கட்டிவிடாதீர்கள். புற்றுநோய் வந்த அம்மா, நாளை கல்யாணம், மருந்து வாங்க வந்த தாத்தா என்று வரிசை கட்டினால் நான் இழையை விட்டே போய்விடுவேன்.

பல்லாவரம்பையன்

கேஷியர் சார், உங்கள் 34 வருடத்தில் எப்போதாவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்றகேஷியர்

கொள்ளை நடந்ததில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் ஒரு தடவை நடந்துவிட்டது என்றே நினைத்தோம். கிளை பெயர் வேண்டாம். கவுண்டருக்குக் கீழே காலால் அழுத்தும் அலாரம் ஒன்று இருக்கும். மாத ஆரம்பம், பென்ஷன் நாள், ஹால் நிறையக் கூட்டம். பக்கத்துக் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் கால் மாற்றி வைத்ததில் அழுத்திவிட்டாள். அவளுக்கே தெரியாது. சைரன் அலறியது. செக்யூரிட்டி, பழைய ராணுவக்காரர், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலை மூடினார். அதைப் பார்த்துக் கூட்டம் கத்த, கூட்டம் கத்துவதைப் பார்த்து நாங்கள் பயந்துபோனோம். யார் யாருக்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் ஒரு ஐந்து நிமிடம்.

நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். ஆனால் போவதற்கு முன் என்ன செய்தேன் தெரியுமா? டிராயரைத் தள்ளிப் பூட்டி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் குனிந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி ஒரு வாரம் பேசவில்லை. “எங்க ஞாபகம் வரலையா?” என்றாள். வரவில்லை. என்ன செய்ய? பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அது தைரியமும் இல்லை, விசுவாசமும் இல்லை. சாயந்திரம் டேலி ஆகாவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்களே என்கிற பழக்க தோஷம்.

தம்பி, அந்த அறைக்குள் ஒரு கேஷியரை வையுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வெளியே கவுண்டரில் திறந்து போட்டு வந்த டிராயரை நினைத்துத் தவிப்பான். வாசகர்கள் நம்ப மாட்டார்கள். கேஷியர்கள் நம்புவார்கள்.

இரவுக்காட்சி

வைக்கிறேன் சார். கட்டாயம் வைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு, மெமோ கொடுத்தார்களா?

ஓய்வுபெற்றகேஷியர்

வாய்மொழியாகத் திட்டு, அதோடு சரி. பின்னாளில் மேனேஜராகவே ஆகி, பெரிய கிளைகளை நடத்தினாள்.

டமால்டுமீல்

சார், முக்கியமான கேள்வியை யாருமே கேட்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் கேஷ் டேலி ஆச்சா?

ஓய்வுபெற்றகேஷியர்

பத்து ரூபாய் கூடுதலாக இருந்தது. மூன்று தடவை எண்ணினோம். பதற்றத்தில் யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறேன். யாருடையது என்று தெரியாத பணத்துக்கான சண்ட்ரி கணக்கில் போட்டு வைத்தோம், கேட்டு ஒருவரும் வரவில்லை.